நைனாவின் இடுப்புச் சாவி

என் அண்ணனை மன்னித்துவிடும்படி எனக்குப் புத்தி சொல்லாதவர்கள் யாரும் பாக்கி இல்லை. என் பிள்ளைகள் சொல்லிப் பார்த்தார்கள். பூந்தமல்லியில் என் பக்கத்து வீட்டு அம்மா, நடந்ததில் பாதிகூட அவளுக்குத் தெரியாது, அவளும் சொன்னாள். எனக்கு அந்த எண்ணமே இல்லை. எங்கள் குடும்பத்து நிலமெல்லாம் தாத்தா காலத்திலேயே கைவிட்டுப் போனது. சேதாரமில்லாமல் எங்கள் தலைமுறை வரை வந்து சேர்ந்த ஒரே சொத்து வஞ்சம்தான். அதில் என் பங்கை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வஞ்சம் வைப்பதில் எங்கள் நைனாவை மிஞ்ச ஆள் கிடையாது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எண்பது வயதில் அவர் முடிவெட்டிக்கொள்ளப் போன இடத்தில், கடைக்காரன் வெட்டிக்கொண்டே சும்மா பேச்சுக்கு, "இன்னா பெருசு, தொணைக்கு யாரும் வர்லயா?" என்று கேட்டுவிட்டான். பாதி வெட்டிய தலையோடு நைனா எழுந்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் இருக்கும் தன் வீட்டிலிருந்து கொரட்டூர் வரை சைக்கிள் மிதித்துப்போய் வேறு கடையில் வெட்டிக்கொண்டார். போகிற வழியில் பழைய கடையின் வாசலில் சைக்கிள் மணியை இரண்டு தரம் அடித்துவிட்டுப் போவார். அந்தக் கடைக்காரன் கடையைக் காலி செய்துகொண்டு போன பிறகும், அங்கே செல்போன் கடை வந்த பிறகும், மணி அடிப்பதை நிறுத்தவில்லை.

என்னைப் பார்க்க அம்பத்தூரிலிருந்து பஸ் ஏறி வருவார். ஒருமுறை கண்டக்டர் ஒரு காலேஜ் பெண்ணை எழுப்பி, "தாத்தாவுக்கு எடம் குடும்மா" என்று சொல்லியிருக்கிறார். நைனா உட்காரவில்லை. வழியில் பஸ் பாதி காலியான பிறகும் உட்காரவில்லை. பூந்தமல்லியில் இறங்கி, மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்தையெல்லாம் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தபோது கால் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. "குந்து நைனா" என்றேன். வாசற்காலைப் பிடித்துக்கொண்டு முழுக்கதையையும் சொல்லி முடித்து, அந்தக் கண்டக்டரை வாய்க்கு வந்தபடி திட்டி ஓய்ந்த பிறகுதான் நாற்காலிக்கு வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் என் வீட்டு வாசலுக்கும் மணி அடிக்க ஆரம்பித்துவிடுவார் என்று அடக்கிக்கொண்டேன்.

அவர் பிறந்தது திருமழிசையில், பயிர் செய்கிற குடும்பத்தில். இருபது வயதுக்குள் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வந்து ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தார். அங்கே மிஷின் ஓட்டிச் சேர்த்ததில் கள்ளிக்குப்பத்தில் இரண்டு அறை வீடு கட்டினார். பின்பக்கச் சுவர் முழுக்க அவரே ஞாயிற்றுக்கிழமைகளில் எழுப்பியது. கொஞ்சம் வளைந்துதான் இருக்கும். அதைச் சொன்னால் பிடிக்காது. அம்மா போய்ச் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. காரியம் முடிந்ததும் அண்ணன், "எங்கூட வந்துரு நைனா" என்று கூப்பிட்டான். "எனக்குச் சோறு வடிக்கத் தெரியும். நீ கெளம்பு" என்று சொல்லி, அண்ணனுடைய பையைத் தானே தூக்கிக்கொண்டு போய் ஸ்கூட்டரில் மாட்டிவிட்டார்.

அதிலிருந்து தனிக்கட்டை. விடிவதற்குள் எழுந்து வாசல் பெருக்குவார். தண்ணீர் தொட்டிக்குள் தானே இறங்கிக் கழுவுவார். கருவாட்டுக் குழம்பு வைப்பார். அந்தத் தெருவில் யாருக்கும் அப்படி வைக்க வராது. தன் வேட்டியைத் தானே துவைத்து நீலம் போட்டு வைப்பார். பெருவெள்ளம் வந்த வருடம் தெருவில் படகு வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனபோது, இவர் மொட்டைமாடியில் ஸ்டவ்வோடு உட்கார்ந்து, படகுக்காரர்களுக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். ஏற மட்டும் இல்லை.

இதையெல்லாம் செய்த மனிதரின் இடுப்பில் எப்போதும் இரண்டு சாவி இருக்கும். ஒன்று வீட்டுப் பூட்டுச் சாவி, இன்னொன்று சைக்கிள் சாவி. இரண்டையும் அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருப்பார். சட்டைப் பையில் வைத்தால் சட்டையை மாட்டினால்தான் சாவி, இடுப்பில் இருந்தால் குளிக்கும்போதும் சாவி என்பது அவர் கணக்கு. தண்ணீரும் வியர்வையும் பட்டுப் பட்டு அந்த முடிச்சு கல்லாகிவிட்டிருந்தது. அதை யாராலும் அவிழ்க்க முடியாது, அவராலும் முடியாது. வீட்டுக்கு வந்து கதவு திறக்கும்போது கயிற்றோடு சேர்த்து இழுத்து, கதவோடு ஒட்டிக்கொண்டு நின்று, இடுப்பை வளைத்துத்தான் திறப்பார். சின்ன வயதில் அதைப் பார்த்து நானும் அண்ணனும் சிரித்திருக்கிறோம். அப்போது நாங்கள் இருவரும் சேர்ந்து சிரிக்கிறவர்களாக இருந்தோம்.

அரைஞாண் கயிறு எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயமில்லை. பிறந்த பிள்ளைக்குக் கட்டுவது. நைந்தால் புதியதைக் கட்டிவிட்டுத்தான் பழையதைக் கழற்றுவார்கள். ஆண்பிள்ளை இடுப்பு ஒரு நிமிஷமும் வெறுமையாக இருக்கக் கூடாது. செத்த பிறகுதான் அறுப்பார்கள்.

என் அண்ணன் அதை நைனா உயிரோடு இருக்கும்போதே அறுத்தான்.

நைனாவுக்கு எண்பத்தொன்பது. மழைநீர்க் கால்வாய்க்கென்று தெருவைத் தோண்டி மூடாமல் விட்டிருந்தார்கள். காலையில் காய் வாங்கக் கிளம்பியவர் சைக்கிளோடு அதில் விழுந்தார். இடது மணிக்கட்டு உடைந்தது, தலையிலும் அடி. அந்த நிலையில் ஒரு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு டாக்டர் வீடு வரை நடந்து, சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, இடுப்பை வளைத்துப் பூட்டிவிட்டு, உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் மயங்கினார். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து ஓடி வந்தோம். தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும், உடம்பில் இரும்பு எதுவும் இருக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னாள். ஊசி போட்டிருந்ததால் நைனா அரைத் தூக்கத்தில் இருந்தார். ஆனாலும் சாவியைத் தொட்டதும் நல்ல கையால் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அவுருங்கடா. அறுக்காதீங்க" என்றார்.

"இன்னாத்த அவுக்கறது, நேரமாவுது" என்றான் அண்ணன். முடிச்சு அவிழவில்லை. நர்ஸ் கத்தரிக்கோல் கொண்டு வந்தாள். கயிறு அறுந்தது. சாவியை அண்ணன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் கண் விழித்ததும் நைனாவின் கை முதலில் போனது இடுப்புக்குத்தான்.

ஆறு வாரத்தில் கைக்கட்டைப் பிரித்தார்கள். தலையில் ஒன்றுமில்லை. கை முன்போலவே மடங்கி நீட்டியது. ஆனால் அண்ணன் அவரை ஆவடியில் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு. "உன் நல்லதுக்குத்தான் நைனா. தனியா குந்திகினு கீறே, இன்னொருவாட்டி வுந்தா யாரு பாக்கறது?" இதை அவன் எத்தனை முறை சொன்னான் என்று தெரியாது, நான் போன ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறேன். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டியிடம், பெரியவர் தனியாக வந்தால் விடாதே என்று சொல்லி வைத்தான். சைக்கிளைக் காயலான் கடைக்குப் போட்டான். மூன்றாவது மாதம் கள்ளிக்குப்பம் வீட்டுக்குப் புதுப் பூட்டு போட்டு ஒரு குடும்பத்தைக் குடிவைத்தான். எனக்குப் போன் பண்ணித் தகவல் சொன்னான். நான் "ம்" என்றேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இப்போது பக்கம் பக்கமாகத் தோன்றுகிறது. அன்றைக்கு "ம்"தான் வந்தது.

அண்ணி சோறு போட்டதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உப்பில்லாத சோறு. கருவாட்டு வாசனை ஃப்ளாட்டுக்கு ஆகாது என்றார்கள். நைனா அடுப்பைத் தொடக் கூடாது, வேட்டியைத் துவைக்கக் கூடாது, பால்கனியில் எட்டிப் பார்க்கக் கூடாது. காலமெல்லாம் ஓடியாடிய மனிதரை நாற்காலியில் உட்காரவைத்து டிவியைப் போட்டுவிட்டார்கள். புது அரைஞாண் கயிறு வாங்கி வந்து கட்டப் போனான் அண்ணன். "அறுத்தது அறுத்ததுதான், எடுத்துகினு போ" என்று சொல்லிவிட்டார். கட்டவே விடவில்லை.

நான் வாரத்துக்கு ஒருநாள் போவேன். போய் உட்கார்ந்ததும் அவர் கை இடுப்பைத் தட்டும். பிறகு என்னைப் பார்ப்பார்.

"பாப்பா, சாவி எங்க கீது?"

"அண்ணங்கிட்ட பத்திரமா கீது நைனா."

"உம்."

அவ்வளவுதான் பேச்சு. ஏழு மாதமும் இதே கேள்வி, இதே பதில். ஒரு விஷயம் கவனித்தேன். அண்ணனிடம் அவர் ஒருநாளும் சாவியைக் கேட்டதில்லை. அண்ணி சொல்லித் தெரியும். என்னிடம் மட்டும்தான் கேட்டார். என்மேல்தான் நம்பிக்கை, நான்தான் எப்படியாவது வாங்கித் தருவேன் என்று எதிர்பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். வாங்கித் தந்தேனா என்றால், இல்லை. வாங்கித் தந்தால் கள்ளிக்குப்பம் போவார், போனால் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழும். என் வீட்டில் மகன் குடும்பத்தோடு நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். இப்படி எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு பூந்தமல்லி பஸ் ஏறிவிடுவேன்.

தொண்ணூறாவது வயதில், ஒரு காலையில், அதே நாற்காலியில் நைனா போய்விட்டார். காய்ச்சல்கூட இல்லை. கை இடுப்பில் இருந்தது என்று அண்ணி சொன்னாள்.

கல்யாணச் சாவு இல்லையா, அண்ணன் குறை வைக்கவில்லை. மேளம், வெடி, பூப்பல்லக்கு. ஆவடியிலிருந்து கள்ளிக்குப்பம் வரை கண்ணீர் அஞ்சலி பேனர். பேனரில் என்ன எழுதியிருந்தான் தெரியுமா? 'யார் தயவும் இன்றி வாழ்ந்த எங்கள் சிங்கமே.' அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் அழுகை நின்றுவிட்டது.

நெற்றியில் வைக்க ஒரு ரூபாய் காசு வேண்டும் என்று கேட்டார்கள். அண்ணனுடைய பீரோவில் தேடினேன். துணிக்கடியில் கை விட்டபோது கயிறு தட்டுப்பட்டது. கறுப்புக் கயிறு, கல் முடிச்சு, இரண்டு சாவி. ஏழு மாதமாக நைனா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு எட்டடி தூரத்தில் இருந்திருக்கிறது. எடுத்து என் இடுப்பில் செருகிக்கொண்டேன். காசையும் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

மறைப்புக் கட்டி நைனாவைக் குளிப்பாட்டினார்கள். காரியம் பார்க்க வந்தவர் உள்ளிருந்து கேட்டது எனக்குக் கேட்டது. "இன்னாபா, அர்ணாகவுறு காணோம்? அறுக்கணுமே."

"ஆஸ்பத்திரில எடுத்துட்டாங்க" என்றான் அண்ணன்.

ஆஸ்பத்திரியாம். செய்வதைச் செய்துவிட்டு, பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பழியைத் தூக்கி ஊர்பேர் தெரியாத ஒரு நர்ஸ் தலையில் போடுகிறான். இதற்கு உன்னைச் சும்மா விட்டால் நான் நைனாவுக்குப் பிறந்தவள் இல்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். எப்படி, எங்கே, யார் முன்னால் என்று யோசிக்க எனக்குப் பதினைந்து நாள் இருந்தது.

பதினாறாம் நாளுக்கு முதல் நாள் மதியம் படையல். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் வைத்து, கற்பூரம் காட்டி, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம். அவர் வந்து சாப்பிட்டுப் போக வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மூத்த மகன் மூன்று முறை கதவைத் தட்டி, திறந்து முதலில் உள்ளே போவான். அவன் பின்னால் மற்றவர்கள் போய் இலையைப் பார்ப்பார்கள். அன்றைக்கு இலையில் கருவாட்டுக் குழம்பு இருந்தது. ஏழு மாதம் கண்ணில் காட்டாததைச் செத்த பிறகு கிண்ணம் நிறைய வைத்திருந்தார்கள். அவித்த முட்டை, வடை, டீ, பன், புது வேட்டி சட்டை எல்லாம் இருந்தன.

கற்பூரம் காட்டி எல்லோரும் வெளியேறும்போது, திரியைத் தூண்டிவிட்டு வருகிறேன் என்று நான் பின்தங்கினேன். புது வேட்டியின்மேல், நடுவில், அந்தக் கயிற்றைச் சாவியோடு வைத்தேன். நன்றாகத் தெரிகிற மாதிரி நீளமாக இழுத்துவிட்டேன். வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

அவர்கள் இருப்பது ஃப்ளாட் என்பதால் சொந்தக்காரர்கள் எல்லோரும் மாடிப்படியில்தான் நின்றார்கள். நைனாவின் தங்கை, எங்கள் அத்தை, திருமழிசையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்திருந்தாள். எண்பது வயது, நைனாமேல் உயிர், வாயும் நைனா வாய்தான். அவளை மேல்படியில், கதவுக்குப் பக்கத்தில் நிற்கவைத்தது நான்தான். அண்ணன் மூன்று முறை தட்டினான். திறந்தான். அத்தை அவன் தோளைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனாள்.

முதலில் பார்த்தது அண்ணன். நின்றுவிட்டான். அத்தை குனிந்து எடுத்தாள்.

"இது எங்க அண்ணாத்தே சாவியாச்சே." கயிற்றின் முனையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். "இது அவுந்து வுழலடா. கத்திரி போட்டு அறுத்துகீது. பொணத்துக்குத்தான்டா அறுப்பாங்க. உசுரோட கீறவருக்கு எவன்டா அறுத்தது?"

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தான். வாசலில் நான் நின்றிருந்த இடத்துக்கு நேராகப் பார்த்தான்.

"நான்தான் அத்தே" என்றான்.

"இந்த ஊட்ல நான் கை நனைக்க மாட்டேன்" என்று அத்தை கயிற்றை அவன் மார்பில் எறிந்துவிட்டுத் திரும்பினாள். வேனில் வந்த அத்தனை பேரும் அவளோடு இறங்கினார்கள். அண்டா நிறையச் சோறு அப்படியே கிடந்தது. மூத்த மகன், பெரிய மனிதன், பேனர் வைத்தவன், ஊர் முன்னால் தலை குனிந்து நின்றான். நான் பதினைந்து நாள் திட்டம் போட்டது இதற்குத்தான். நினைத்தது நினைத்தபடி நடந்தது.

மேலே, அண்ணன் அறுத்தான் என்று எழுதியிருக்கிறேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வந்தேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் அண்ணனுடைய இரண்டு கையும் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தன. நர்ஸ் கத்தரிக்கோலை என்னிடம்தான் கொடுத்தாள். அண்ணன் "அறு" என்றான், நான் அறுத்தேன். நைனா கண் திறந்திருந்தது. அவர் அண்ணனைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் நான் கிளம்பும்போது அண்ணன் லிஃப்ட்டில் கூடவே வந்தான். கேட்டில் செக்யூரிட்டி எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து கயிற்றையும் சாவியையும் எடுத்து என் கையில் வைத்து, என் விரல்களை மடக்கினான்.

"இந்தா. ஏழு மாசமும் உன்னத்தான கேட்டுகினு இருந்தாரு. நீயே வெச்சிக்க."

அவனும் நைனாவுக்குப் பிறந்தவன்தானே.

பூந்தமல்லி பஸ்ஸில் கூட்டம். ஒரு பெண் என் நரைத்த தலையைப் பார்த்து எழுந்து இடம் கொடுத்தாள். நான் உட்காரவில்லை. ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் சாவியையும் பிடித்துக்கொண்டு கடைசி ஸ்டாப் வரை நின்றே வந்தேன். அண்ணனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அன்றைக்கு அவன் என் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும்.